எக்ஸ்ரே ராவுத்தரும் என் பத்து விரல்களும்

ஆட்களைத் தூங்க வைத்தே வெளிநாட்டுக்கு அனுப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் கம்பத்தில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் எக்ஸ்ரே ராவுத்தர்.

பட்டப்பெயருக்கான காரணம் கடையின் கண்ணாடி ஜன்னலிலேயே ஒட்டியிருந்தது. இளவயதில் துபாய்க்குப் போக மெடிக்கல் எடுத்தபோது, இடது நுரையீரலில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது என்று 'அன்ஃபிட்' போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த எக்ஸ்ரே படம்தான் அது. காலை வெயில் ஏறும்போது அவருடைய விலா எலும்புகள் மெத்தைகளின் மேல் வெளிச்சக் கோடுகளாக விழும். மெத்தை வாங்க வந்த புதுப்பெண்கள் பயந்து ஒதுங்கினால், "பயப்படாத ஆத்தா, அது நாந்தேன்" என்பார். அந்தப் புள்ளி நோயே இல்லை, சின்ன வயதில் கடையில் விழுங்கிய பஞ்சு என்று அடித்துச் சொல்வார்.

தனக்குக் கிடைக்காத 'ஃபிட்' ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காமல் போகக் கூடாது என்று அவருக்கு ஒரு வெறி. வளைகுடாவுக்குப் போகிற எவனுக்காவது மெடிக்கல் தேதி வந்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், ஆளனுப்பிக் கூட்டிவரச் சொல்வார். பீடி கூடாது, புரோட்டா சால்னா கூடாது. மத்தியானம் இரண்டு மணி நேரம் கடையில் படுத்துத் தூங்க வேண்டும். பயந்தவனுக்குத்தான் பிரஷர் ஏறும், தூங்கினவனுக்கு ஏறாது என்பது அவருடைய மருத்துவம். மெத்தைகளின் மேல் வரிசையாக நாலைந்து பேர் வாயைப் பிளந்து உறங்க, பஞ்சுப் பிசிறுகள் வெயிலில் மிதந்து அவர்கள் மீசையில் போய் உட்காரும். அந்த வழியாகப் போகிறவர்கள்கூட அங்கே கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பார்கள்.

தூங்கி எழுந்ததும் மூச்சுப் பயிற்சி. எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும் அல்லவா? "இழு... புடி... குமுளி பஸ்சு ஆரன் அடிக்கிற வரைக்கும் விடப்புடாது" என்பார். பஸ் ஹாரன் கேட்டதும் "மதி!" என்று கத்துவார். போதும் என்பதற்கு மலையாளத்தில் மதி. எல்லை தாண்டித் தலையணை விற்கப் போன காலத்தில் அவருடைய வாயில் ஒட்டிக்கொண்ட சொல். ஒருநாள் பஸ் மலையில் நின்றுவிட்டது. மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் கண் செருகி அப்படியே சாய்ந்தார். ராவுத்தர் அசரவில்லை. "மெத்தை மேலதான விழுந்தான். நல்ல மூச்சு. கண்டிப்பா பாசாயிருவான்" என்றார். அவரும் பாசானார்.

அதைவிடப் பெரிய பரீட்சை ஒன்று இருந்தது. தூங்கி எழுந்தவனிடம் என்ன கனவு கண்டாய் என்று கேட்பார். காமயகவுண்டன்பட்டிக்காரன் ஒருவன், "எங்க வயல்ல மழை பேயிற மாதிரி கண்டேன் பாய்" என்று சொல்லி மாட்டிக்கொண்டான்.

"ஏலே, ஊரு இன்னும் உன்னைய விடல. திரும்பப் படு."

மறுநாள் அவன் உஷாராகிவிட்டான். "ஒட்டகம் வந்துச்சு பாய்."

"எத்தனை?"

"நாலு."

"பிரஷர் நார்மல். போயிட்டு வா!"

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நான். 2009 வாக்கில் சிரிப்பு நின்றது. என் வீட்டுக்காரர் லண்டனில் ஓட்டல் சமையல்காரர். கல்யாணமாகி மூன்று மாதம் சேர்ந்திருந்தோம், இரண்டு வருடம் போனில் குடும்பம் நடத்தினோம். ஒருவழியாக என் விசாவுக்கு மனு போட்டு, கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போனேன். கண்ணாடி மேல் விரலை வைத்தால் மெஷின் கத்துகிறது. அங்கிருந்த பெண் துணியால் துடைத்துவிட்டாள், அழுத்திப் பார்த்தாள். பத்து விரலில் இடது சுண்டு விரல் மட்டும்தான் நான் நானேதான் என்று ஒத்துக்கொண்டது. "ரேகை தேஞ்சிருக்கு மேடம். ஒரு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் விழலைன்னா கஷ்டம்" என்றாள்.

போனில் வீட்டுக்காரர் பதறினார். "பத்து விரலையும் என்னடி பண்ணின?"

"உங்க வீட்லதான் தேச்சேன்" என்றேன்.

பொய்யில்லை. எட்டுப் பேர் சாப்பிட்ட பாத்திரத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பது நான். புளி தட்டுவது நான். திராட்சைத் தோட்டத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து மருந்தடித்த டிரம்மைக் கழுவுவதும் நான்தான். ரேகை அங்கேயே இருந்தால்தான் அதிசயம்.

வேறு வழியில்லாமல் மெத்தைக் கடைக்குப் போனேன். ராவுத்தர் மாமா என் விரல்களை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். சுருட்டி நிறுத்தியிருந்த மெத்தையில் சாய்ந்திருந்த நான், பாதிப் பேச்சில் நின்றபடியே தூங்கிப்போனேன். விழித்தபோது அவர் ஊசி நூலோடு உட்கார்ந்து என்னவோ தைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு குட்டித் தலையணைகள், உள்ளே இலவம்பஞ்சு, ஒருபக்கம் பைபோலத் திறந்த வாய், அதில் கயிறு. என் இரண்டு கைகளையும் அதற்குள் நுழைத்து மணிக்கட்டில் முடிச்சுப் போட்டார். "இருவத்தியொரு நாளு. குளிக்கக் கொள்ள மட்டும் அவுக்கலாம்."

என் மாமியார் கொதித்துப்போனார். "ஏம் பாய், இவ கையக் கட்டிப்புட்டா எங்க வீட்டு அடுப்ப யாரு பத்தவைக்கிறது?"

"தங்கச்சி, நானா கேக்குறேன்? லண்டன் கவருமெண்டு கேக்குது. அங்கன ராணியம்மாவே ரேகையப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாக."

ராணியம்மா பெயர் வந்ததும் மாமியார் வாயை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் மாமியாருக்கு மேல் அதிகாரம் உள்ள ஒரு பெண்ணைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகப் பேச்சு வந்தது.

தெருவே வேடிக்கை பார்த்தது. குத்துச்சண்டைக்குப் போகிறாளா என்றார்கள். என் கொழுந்தன் பிறந்ததிலிருந்து முதல்தடவையாகத் தன் தட்டைத் தானே கழுவினான். கழுவிவிட்டு வந்து, "மதினி, எனக்கும் ரேகை போயிருமா?" என்று கேட்டான். மாமியார்தான் எனக்கு ஊட்டிவிட வேண்டியிருந்தது. முதல்நாள் சுவருக்குச் சாந்து அப்புவதுபோல வாயில் அப்பினார். பத்தாம் நாள் நெய் விட்டுப் பிசைந்து, "இன்னொரு வாய் வாங்கிக்கடி" என்றார்.

நான் தூங்கினேன். கல்யாணமாகி வந்த பிறகு பகலில் படுத்ததே இல்லை. வேலை செய்ய முடியாத கைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மேகமலைப் பக்கமிருந்து வருகிற காற்றில் மத்தியானம் முழுக்கத் தூங்கினேன். கனவில் முல்லையாறு லண்டனுக்கு நடுவே ஓடியது. என் வீட்டுக்காரர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு எனக்காக நின்றார். பனி விழுந்தது. கையை நீட்டினால் பனியெல்லாம் இலவம்பஞ்சு. விழித்தால் எது ஊர், எது கனவு என்று பிடிபடக் கொஞ்ச நேரமாகும். அவ்வளவு சுகமாக இருந்தது.

மூன்று நாளைக்கு ஒருமுறை ராவுத்தர் மாமா ஸ்டாம்ப் பேடும் நோட்டுமாக வருவார். என் விரல்களை மையில் ஒற்றி நோட்டில் பதித்து, லென்ஸால் பார்ப்பார். "வருது... ஆனா பத்தாது. இன்னும் தூங்கணும்" என்று மாமியாருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார்.

இருபத்தியோராம் நாள் முடிச்சை அவிழ்த்தார். சென்னைக்குப் போனேன். அதே பெண், அதே மெஷின். விரலை வைக்குமுன் என்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பத்துக்குப் பத்தும் பச்சை விளக்கு. அங்கேயே அழுதுவிட்டேன்.

விசா வந்ததும் சொல்லிக்கொள்ளக் கடைக்குப் போனேன். நான் கொண்டுபோக ஒரு தலையணை தைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் அந்த நோட்டு கிடந்தது. என் பக்கத்தைப் புரட்டினேன். ஒன்பதாம் நாள் வைத்த ரேகையும் இருபத்தியோராம் நாள் வைத்த ரேகையும் ஒன்றுபோலத் தெளிவாக இருந்தன.

"மாமா! ஒன்பதாம் நாளே நல்லா விழுந்துருச்சே!"

அவர் ஊசியை விட்டுத் தலை நிமிரவில்லை. "விழுந்துருச்சுதேன்."

"அப்பறம் எதுக்கு இருவத்தியொரு நாளு?"

"மொத நா வந்தப்ப நின்னுக்கிட்டே தூங்கினியே ஆத்தா. குதிரைதேன் அப்பிடித் தூங்கும்."

நோட்டை மூடி வைத்தேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று, "ஊரையே கனவு கேக்குறீகளே, நீங்க என்ன கனவு காணுவீக மாமா?" என்றேன்.

"எனக்கு எப்பவும் ஒண்ணுதேன். எக்ஸ்ரே எடுக்கிறவன் 'மூச்ச விடலாம்'னு சொல்றான்." சிரித்தார். ஜன்னலில் அவருடைய விலா எலும்புகளுக்கு நடுவே அந்த வெள்ளைப் புள்ளி வெயிலில் மினுங்கியது. அவருடைய கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டேன்.

நான் லண்டன் வந்து பல வருடமாகிவிட்டது. ராவுத்தர் மாமா இப்போது இல்லை. இங்கேயும் எட்டுப் பேருக்குச் சமைக்கிற நாட்கள் வருகின்றன. சிங்க்கில் பாத்திரம் மலையாகக் கிடக்க, நின்றபடியே கண் சொருகும். அப்போதெல்லாம் எங்கிருந்தோ குமுளி பஸ் ஹாரன் அடிக்கிற மாதிரி இருக்கும். "மதி, ஆத்தா" என்று ஒரு குரல் கேட்கும். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் தைத்துக் கொடுத்த தலையணையில் போய்ப் படுத்துக்கொள்வேன்.