திறக்கிறதுதான் திறக்கிறோம்

"வால்வு மாத்த எப்படியும் நெஞ்சைத் திறக்கணும். திறக்கிறதுதான் திறக்கிறோம், அதையும் சேர்த்தே பண்ணிடலாம்" என்றார் இதய அறுவை நிபுணர்.

கட்டிலில் உட்கார்ந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்திடப் போன பிளம்பர், பேனாவை மூடிவிட்டார்.

அந்த வாக்கியம் அவருடையது. இருபத்தெட்டு வருடங்களாக அடுத்தவர் குளியலறைகளில் அவர் சொல்லிவந்தது. குழாய்க்கு வாஷர் போடப் போவார். "திறந்ததுதான் திறந்தாச்சு" என்று ஆரம்பித்தால், மாடித் தொட்டியைத் தொடாமல் திரும்பமாட்டார்.

"எதைச் சேர்த்து?" என்றார் சந்தேகமாக.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இதயத்தின் மேலறைகளில் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது. மின்துடிப்பு கண்ட வழியில் ஓடுகிறது. அங்கங்கே கோடு கோடாகச் சுட்டால் தழும்பாகும். தழும்பைத் தாண்டி அது ஓடாது, நேர்வழி மட்டும் மிஞ்சும். அப்படியே விட்டால் ரத்தம் கட்டி, மூளைக்குப் போய் அடைக்கலாம். கூடுதலாக இருபது நிமிஷம்தான்.

இருபது நிமிஷம்! அதுவும் அவருடையதே. அவர் இருபது நிமிஷம் என்றால் அந்த வீட்டார் இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குளிப்பார்கள்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றார்.

மின்சார விஷயம்தானே, எலெக்ட்ரீஷியன் சொன்னால் புரியும் என்று மனைவி தன் தம்பியை வரவழைத்தாள். அவன் காகிதத்தில் படம் போட்டு அழகாகத்தான் விளக்கினான், சுடுகிற இடம் வரும்வரை.

"நாங்க லைனைத் துண்டிப்போம் மாமா. சுட்டதில்லை. சுட்டுப்போன இடத்துக்குத்தான் எங்களைக் கூப்பிடுவாங்க."

அக்கா அவனை டீ வாங்க அனுப்பிவிட்டு, டாக்டரை மறுபடி கூட்டிவந்தாள்.

"உங்க இஷ்டம்தான்" என்றார் டாக்டர். "ஆனா விட்டுட்டா, பின்னால இதுக்குன்னு தனியா திறக்கும்படி ஆகலாம்."

அவர் நகர்ந்ததும் பிளம்பர் மனைவியிடம் குனிந்தார். "கேட்டியா? நானும் கடைசியா இதே வார்த்தையைத்தான் எடுத்துவிடுவேன். இதுக்கு மேல எந்த வீட்டுலயும் வேண்டாம்னு சொன்னதில்லை."

"நீங்க ஊரை ஏமாத்தினா, ஊரெல்லாம் உங்களை ஏமாத்துமா?"

"ஏமாத்தலடி. கெட்டுப்போறதுக்குக் கொஞ்சம் முன்கூட்டியே மாத்திடுவேன், அவ்வளவுதான்."

அவள் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து அவர் விரல்களில் செருகினாள். "முப்பது வருஷமா அந்த நெஞ்சுலதான் தலை வச்சுப் படுக்கிறேன். நாலு மாசமா அது அடிக்கிற அடி சரியில்லை. டாக்டருக்கு மிஷின் சொல்லிச்சு. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல. போடுங்க."

போட்டார்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள், கட்டில் பக்கத்துத் திரையில் பச்சைக் கோடு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், குழந்தை தூங்குவதைப் பார்ப்பதுபோல. பிளம்பருக்கும் நிம்மதிதான். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. ஊசிமருந்தோடு வந்த நர்ஸை மெல்ல அழைத்தார்.

"ஏம்மா, கழட்டின பழைய வால்வைக் கண்ணுல காட்டச் சொல்லேன். விவரமானவங்க எங்கிட்ட அப்படித்தான் கேப்பாங்க."

"அது உள்ளேதாங்க இருக்கு" என்றாள் நர்ஸ். "டாக்டர் திறந்து பார்த்துட்டு, இதுவே இன்னும் ரொம்ப நாள் உழைக்கும், மாத்த வேண்டாம்னு தச்சுச் சரிபண்ணிட்டு, புது வால்வைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டார்."