நாலு மூஞ்சி பெண் கேட்ட கதை

மலேசியாவின் கெடா மாநிலத்திலேயே நம்பக் கூடாத மனிதர் யார் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், ஒரு நொடிகூட யோசிக்காமல் எதிர்வீட்டுக்குக் கையை நீட்டியிருப்பேன். அங்கே குடியிருந்தவர் நாலு மூஞ்சி. பாடாங் செராயில் எங்கள் வரிசை வீடுகளில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. நேரில் மட்டும் எல்லோரும் மரியாதையாக 'அண்ணே' என்போம்.

அப்பா மெர்போக் பக்கத்து எஸ்டேட் தமிழர், அம்மா சயாமியப் பெண். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வராமல் விட்ட முகம் அவருடையது. நெற்றியைப் பார்த்தால் தமிழர், கண்ணைப் பார்த்தால் சீனர், மீசையை எடுத்துவிட்டால் மலாய்க்காரர், சிரித்தால் சயாமியர். தொழில், சினிமாவில் நடிப்பது. மலாய் நாடகத்தில் கிராமத் தலைவர், சீனப் புத்தாண்டு விளம்பரத்தில் பெரியப்பா, தமிழ்ப் படத்தில் வில்லனின் டிரைவர். எல்லைக் கடத்தல் கதை எதுவானாலும் அதில் பிடிபடுகிறவர் இவர்தான். இருபது வருஷமாக நடிக்கிறார். திரையில் அவர் தெரிந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு முட்டை வேகாது.

நடிப்பதோடு விட்டாரா? வேஷம் கிடைத்த நாளிலிருந்து படம் முடியும்வரை அந்த ஆளாகவே ஊரைச் சுற்றுவார். சீன முதலாளி வேஷம் வந்தபோது, பனியனும் அரைக்கால் சட்டையுமாகக் காபிக் கடைக்குப் போய், ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு சீனப் பத்திரிகை படித்தார். மூன்றாம் நாள் கடைக்காரத் தவுக்கே, "அதே பேப்பர எத்தனை நாள் படிப்பே?" என்று கேட்டிருக்கிறார். "நான் மெதுவாப் படிக்கிறவன்" என்று இவர் ஹொக்கியன் சீனத்தில் பதில் சொன்னாராம். பேசத்தான் தெரியும், ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

போலீஸ்காரர் வேஷத்துக்காக, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பசார் முச்சந்தியில் கையைப் பின்னால் கட்டிச் சும்மா நின்றார். ஹெல்மெட் இல்லாத மோட்டார் சைக்கிள்களெல்லாம் தூரத்திலேயே திரும்பிவிட்டன. நிஜப் போலீஸ்காரர் வந்து, இங்கே என்ன செய்கிறாய் என்று விசாரித்ததற்கு, "நிக்கிறேன், துவான்" என்று பணிவாகச் சொன்னாராம். நிற்பது குற்றமில்லையே.

இப்படிப்பட்ட மனிதரிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, பதில் சொல்வது யார் என்று எனக்குச் சந்தேகம் வரும். அந்த ஆள்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார், வசந்தி அக்காவைப் பார்க்க.

அக்கா கூலிமில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவளுக்கு முன்பு ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான், அங்கேயே வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், ஒரு மெசேஜ் அனுப்பினான். அக்கா அதைப் படித்துவிட்டு, வேலைக்குக் கிளம்பிப் போனாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலை மிதிக்கும் ஆண்களைச் சந்தேகப்படுவது என் பொறுப்பாகிவிட்டது.

"வசந்தி, எதிர் ஆளோட வசனத்த மட்டும் படிங்களேன். உங்க மலாய் சுத்தமா இருக்கு" என்பார் நாலு மூஞ்சி. கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு பேரும் சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள், கொலைகூடச் செய்வார்கள். ஒருநாள் விவாகரத்துக் காட்சி. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் பதறிப் போய், ஒரு தட்டு பலகாரத்தை வேலிக்கு மேலாக நீட்டி, "சாபார் லா, சாபார்" என்று இருவரையும் பொறுமையாக இருக்கச் சொன்னார். நாலு மூஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கிக்கொண்டார். பொய்க் கண்ணீருக்கு நிஜப் பலகாரம் வாங்குகிற ஆள் என்று அதையும் நான் மனதில் குறித்து வைத்தேன்.

ஒரு மாலை, அக்கா சாம்பாரைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

"அவரு கேட்டாரு. நான் சரின்னுட்டேன்."

"யாரு, நாலு மூஞ்சியா? எந்த மூஞ்சி கேட்டுச்சு?"

"கிண்டல் பண்ணாதடா. 'படத்துல எனக்கு எத்தனையோ வீடு வசந்தி, படம் முடிஞ்சா எல்லாத்தையும் கழட்டி லாரியில ஏத்திடுறாங்க. எனக்குக் கழட்டாத வீடு ஒண்ணு வேணும்'னாரு."

சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அந்த மெசேஜ் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்னொரு தடவை இவள் ஏமாந்தால் தாங்குவாளா? போதாததற்கு, அந்தப் பேச்சு ரொம்ப அழகாக இருந்தது. நிஜமான ஆண்கள் இவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் அவருக்குப் பண்டார் பாருவில் படப்பிடிப்பு. அவருடைய கார் படுத்துவிட்டதால், நான்தான் என் காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் விசாரணை நடத்தினேன்.

"இப்ப என்ன வேஷம், அண்ணே?"

"ஊர் ஊராப் போற நாடகக்காரன், தம்பி. ஒரு பொண்ணுகிட்ட போயி, கட்டிக்கிறியான்னு கேக்குறான்."

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கிப் போன பிறகு பார்த்தால், வசனத் தாள்கள் சீட்டிலேயே கிடந்தன. புரட்டினேன். பெண் கேட்கும் காட்சியில், அச்சடித்த வசனத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் நீல மையில் மலாயில் எழுதியிருந்தது. வீடு, லாரி, கழட்டுவது, எல்லாம் அப்படியே இருந்தது. அடப்பாவி, எங்கள் அக்காவை வைத்தா ஒத்திகை பார்த்தாய்? வண்டியைத் திருப்பினேன். வீட்டில்தான் நிறுத்தினேன்.

"அக்கா, இதப் படி. உன்கிட்ட சொன்னது பூரா சினிமா வசனம். நான் அப்பவே நெனச்சேன், இவன் ஏமாத்துக்காரன் லா."

அக்கா வாங்கிப் படித்தாள். நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"கையெழுத்து யாருதுடா?"

பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்த அதே குண்டு குண்டு எழுத்து.

"'நீ இல்லைன்னா செத்துருவேன்'னு எழுதியிருந்தாங்க. எவன் அப்படிப் பேசுவான்? அவரு என்கிட்ட கேட்டதையே போடலாமேன்னு நான்தான் மலாய்ல எழுதிக் குடுத்தேன். நம்ம பேசுனது எதுக்கு ஊருக்குத் தெரியணும்னு அவருக்கு ஒரே கூச்சம். ஆமா, அவரு எங்க?"

"பண்டார் பாருல."

"தாள் இல்லாம என்ன பேசுவாரு? எப்படித் திரும்பி வருவாரு?"

அந்த இரண்டையும் நான் யோசித்திருக்கவில்லை. இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தவர், "ஏதும் அவசரமா கெளம்பிட்டீங்களா தம்பி? வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டார். நடு ரோட்டில் விட்டுவிட்டு வந்தவனிடம் யார் இப்படிப் பேசுவார்கள்? எனக்குச் சந்தேகம் இன்னும் கூடித்தான் போயிற்று.

கல்யாணப் பதிவு அன்று அலுவலகத்தில் முன் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். இன்று எந்த வேஷத்தில் வந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு. அதிகாரி மலாயில், சம்மதமா என்று அக்காவைக் கேட்டார். அக்கா கணீரென்று பதில் சொன்னாள். பிறகு அவரைக் கேட்டார். மறுபடியும் கேட்டார். அந்த அதிகாரியைவிட நல்ல மலாய் பேசுகிறவர், வாயைத் திறந்தார், மூடினார். முகம் கோணிக்கொண்டு போயிற்று. மூக்கு ஒழுகியது. எந்தக் கேமராவும் பார்க்க விரும்பாத மாதிரி அசிங்கமாக அழுதார்.

கடைசியில், "சரிங்க" என்று தமிழில் ஒரு சத்தம் வந்தது. அதிகாரிக்குப் புரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இவருக்கு இஷ்டம்தானா, இல்லை யாராவது கட்டாயப்படுத்துகிறீர்களா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றேன். "இஷ்டம்தான், துவான்" என்றேன் மலாயில். "இந்த மனுஷனுக்கு நான் பொறுப்பு."

பிறகு அவர் பக்கத்தில் போய் என் கைக்குட்டையை நீட்டினேன்.

"மூக்கத் தொடைங்க, மச்சான்."