புரூஃப் அண்ணாச்சியும் மீட்பு நகலும்

உலகத்தில் அச்சான எல்லாமே தன் கண்ணில் படாமல் தப்பி வெளியே போனவை என்று நம்பிய ஒரே மனிதர் புரூஃப் அண்ணாச்சிதான். சிவகாசியில் எங்கள் காலண்டர் அச்சகத்தில் அவர் பிழை திருத்துபவர். அவர் எதிரே உட்கார்ந்து மூலத்தை உரக்க வாசிப்பது என் வேலை.

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் அங்கேயே திருத்தி, மாப்பிள்ளையின் அப்பாவிடமே நீட்டுவார். "மறு புரூஃப் கொண்டாங்க. கல்யாணத்தைப் பெறகு வச்சுக்கலாம்." காய்ச்சலில் படுத்திருந்தபோது மாத்திரை அட்டையைத் திருத்தி நர்ஸம்மாவிடம் கொடுத்தார். அச்சகத்துக்கு வெளியே அவர் திருத்திய எதையும் எவரும் மறுபடி அச்சடித்ததில்லை. ஒரே ஒரு சொல்லாவது மாறாதா என்று ஏங்கியே அவருக்குத் தலை நரைத்தது.

இந்த நிலையில், கம்ப்யூட்டரில் மேட்டர் அடிக்க கம்பெனிக்கு இலவச எடிட்டர் ஒன்று வந்தது. கறுப்புத் திரையில் அதன் பெயரோடு ஒரு கோடும் ஓர் எழுத்தும் சேர்த்துத் தட்டினால், கேட்ட விதமாகக் கோப்பைத் திறக்கும். அதற்கு ஆப்ஷன் என்று பெயர். யாரோ தன்னார்வலர்கள் தமிழில் எழுதியிருந்த ஆப்ஷன் விளக்கத்தை முதலாளி எல்லோருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி கையில் சிவப்புப் பேனா இருந்தது.

"வாசிலே."

"ஒரு கோடு, சின்ன ஆர்..." என்று நான் ஆரம்பித்ததும், டைப் அடிக்கும் செல்வி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்து. கரண்டு போகையில மிஷின் தானாப் பிடிச்சு வச்சதை 'சேமித்த கோப்பு'ன்னு போட்டிருக்கான். சேமிக்கிறது மனுசன் செய்யுறது. இது மீட்பு நகல். ரெண்டும் ஒண்ணாலே?"

செல்வி மூலம் அந்தத் தன்னார்வலர்களுக்குத் திருத்தத்தை மெயிலில் அனுப்பினார். பதில் இல்லை. தினமும் காலையில் வந்ததும், "புரூஃப் வந்துச்சா?" என்று கேட்பார். செல்வி உதட்டைப் பிதுக்குவாள்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. திருத்தம் போட்டால், மறு புரூஃப் வந்து ஓ.கே. ஆகும்வரை மிஷின் ஓடக்கூடாது. அண்ணாச்சி அதை எடிட்டருக்கும் விதித்தார். அந்த ஆப்ஷனை யாரும் தொடக்கூடாது!

காலண்டர் சீசன் உச்சத்தில் கரண்டு போனது. கூடவே யூபிஎஸ்ஸும் போனது. மறுபடி கரண்டு வந்தபோது டிசம்பர் மாத மேட்டரைக் காணோம்.

முதலாளி ஓடி வந்தார். "அண்ணாச்சி, அந்த ஆப்ஷனைத் தட்டச் சொல்லுங்க. லோடு ஏத்த லாரி வந்து நிக்குது."

"புரூஃப் ஓ.கே. ஆகல, முதலாளி."

"எவன் ஓ.கே. பண்ணணும்?"

"முகம் தெரியாதவுக. ஆனா பண்ணுவாக."

"செல்வி, நீ தட்டும்மா."

தட்டினாள். டிசம்பர் முழுசாக வந்தது. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. அதுதான் அண்ணாச்சியை உடைத்தது. என்னை உரக்க வாசிக்கச் சொல்லிக் கடைசித் தேதிவரை சரிபார்த்தார். தப்பே இல்லை.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்கண்ணாச்சி. சொல்லி அனுப்புறேன்" என்றார் முதலாளி. சொல்லி அனுப்பவில்லை. அந்த நாற்காலியில் இப்போது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

சீசன் முடிந்து, மிஷின்களெல்லாம் ஓய்ந்த பிறகு அந்த மெயிலுக்குப் பதில் வந்தது. "இந்தத் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க ஆள் இருப்பதே இப்போதுதான் தெரிந்தது. திருத்திவிட்டோம்."

புதிய பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் ஊரான ஆனைக்குட்டத்துக்குப் பஸ் ஏறினேன். அண்ணாச்சி இளைத்திருந்தார். தாளை வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"வாசிலே."

வாசித்தேன். ஒரு கோடு, சின்ன ஆர், மீட்பு நகல்.

"நிறுத்து." பேனாவை மூடினார். "அந்த இடத்தை இன்னொரு தடவை வாசி."

வாசித்தேன். அதற்குப் பிறகு, அவர் கேட்காமலே, இன்னொரு தடவையும் வாசித்தேன்.