கவின் காதுகுத்தும் கரண்டு சம்படமும்

ஒருவனுக்கு ஒரு வேலை தெரியும் என்று அவன் சொந்தக்காரர்கள் நம்புவதில் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. அதை அவனே நம்ப ஆரம்பிக்கும்போதுதான் புகை கிளம்புகிறது.

நான் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் இருக்கிறேன். (பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ட்யூப் லைட் மாற்றுவேன். மாற்றியும் எரியாவிட்டால் சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன்.) ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் நான்தான் எஞ்சினியர். யார் வீட்டில் மிக்ஸி நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். நானும் யோசிப்பதுபோல் 'ம்...' என்று இழுத்துவிட்டு, "காயில் போயிருக்கும்" என்பேன். எது நின்றாலும் காயில்தான் போயிருக்கும் என்பது என் கொள்கை.

இப்படி இருந்த காலத்தில்தான் மம்சாபுரத்தில் வாக்கப்பட்ட என் அக்காவின் மகன் கவினுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அதற்கு முன்னால் பிள்ளையார் கோயில் முக்கிலிருந்து அக்கா வீடு வரை பாட்டும் கூத்துமாகச் சீர்வரிசை கொண்டு போக வேண்டும்.

அக்கா போன் பண்ணினாள்.

"ஏலே தம்பி, எங்க மாமியாரு குணம் உனக்குத் தெரியும்லா? நம்ம வீட்டுல இருந்து எது வந்தாலும் கையில தூக்கிப் பாத்துட்டு, 'லேசாத்தான் இருக்கு'ன்னு சொல்லுவாவ. கல்யாணத்துல சொன்னாவ, வளைகாப்புல சொன்னாவ. இந்த ஒரு தடவ அந்தச் சொல்லு வராமப் பாத்துக்கோலே."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சீர் சாமான்களை என் மனைவி செல்வியும் சித்தியும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பாட்டுக்கு நான் பொறுப்பு. மற்றவர்களைப்போல் குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றி, பாட்டை விட ஜெனரேட்டர் சத்தம் அதிகமாகக் கேட்க ஊர்வலம் போவது ஒரு எஞ்சினியருக்கு அழகா? சக்கரம் வைத்த ஸ்பீக்கர் ஒன்றை நண்பனிடம் வாங்கினேன். அதற்கு லித்தியம் பேட்டரி மதுரையிலிருந்து ரெடியாகவே வந்தது. அதை வைக்க ஒரு பெட்டி செய்ய வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கிதான் என் மானத்தை வாங்கியது.

முதலில் பிளைவுட்டில் செய்தேன். பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் பேட்டரி சூடானால் மரம் பற்றிக்கொள்ளுமே என்று பயம் வந்தது. (அது இப்போது எங்கள் வீட்டில் செருப்பு வைக்கும் பெட்டி.) அடுத்து பி.வி.சி. குழாயை வெட்டி இரண்டு பக்கமும் மூடி போட்டு, நடுவில் வயரை வெளியே விட்டேன். செல்வி அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, இதத் தூக்கிட்டு தெருவுல போனா உங்க அக்கா மாமியாரு சீர் வாங்க மாட்டாவ. போலீசுதான் வந்து வாங்கும்."

அதையும் விட்டேன். பிறகு அவளுடைய அரிசிமாவு டப்பாவில் கை வைத்தேன். அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

மரம் எரியும், பிளாஸ்டிக் உருகும், தகரம் துருப்பிடிக்கும். மூன்றையும் கழித்துவிட்டு ஒருநாள் குளித்துக்கொண்டிருக்கும்போது விடையைக் கண்டுபிடித்தேன். எவர்சில்வர்! எரியாது, உருகாது, துருப்பிடிக்காது.

"கரண்டுச் சாமானை யாராவது எவர்சில்வருல வைப்பாவளா? ஷாக் அடிக்காதா?" என்றாள் செல்வி. சின்னப் பிள்ளைகூடக் கேட்கும் கேள்வி. அதனாலேயே எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

"உள்ளே பேண்டேஜ் துணி சுத்திருவேன்" என்றேன் அலட்சியமாக.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பேண்டேஜ் துணி காயத்துக்கு மட்டும் கட்டுவதல்ல. தெருவுக்குத் தெரு அந்தத் தறி ஓடுவதால் இட்லித் தட்டில் போடுவதும் அதுதான், பால் வடிகட்டுவதும் அதுதான், பரண் சாமானைப் பொதிவதும் அதுதான். நான் பேட்டரிக்கும் அதையே கட்டினேன். அந்தத் துணி என்பதே ஓட்டைகளை நூல் போட்டுக் கட்டி வைத்ததுதான் என்பதும், பஞ்சு தீயைப் பார்த்தால் விடாது என்பதும் பஞ்சு மில்லில் சம்பளம் வாங்கும் எனக்கு ஞாபகம் வரவில்லை. (தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

சம்படம் வாங்க ஸ்ரீவில்லிபுத்தூரில் பழக்கமான பாத்திரக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் நல்ல கனமான மூடிச் சம்படமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, கையில் மெஷினோடு நிமிர்ந்தார்.

"விசேஷம் ஏதும் உண்டா? பேரு வெட்டணும்லா?"

பாத்திரக் கடையில் அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும், 'கவின் காதணி விழா, அன்புடன் தாய்மாமன்' என்று குண்டு குண்டான எழுத்தில் கிர்ரென்று வெட்டித் தந்தார். அதை வாசித்து மகிழ்ந்துகொண்டே வீடு வந்தேன்.

மில்லில் வைத்து மூடியில் காற்றுப்போக ஓட்டைகள் போட்டேன். சூடு மேலே போகும் என்பது விஞ்ஞானம். மேலேயிருந்து ஏதாவது கீழே வரும் என்பதை விஞ்ஞானம் எனக்குச் சொல்லவில்லை.

விசேஷத்தன்று காலையில் சம்படத்தை ஸ்பீக்கரின் அடித்தட்டில் வைத்து வயரை மாட்டினேன். பிள்ளையார் கோயில் முக்கில் பாட்டு கணீரென்று கிளம்பியது. அக்கா வீட்டிலிருந்து அழைத்து வந்து கவினை என் தோளில் ஏற்றினார்கள். மாலையும் பட்டு வேட்டியுமாக நான் முன்னால் நடந்தேன். செல்வி ஸ்பீக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் தாம்பாளங்களோடு பெண்கள்.

எனக்கு முதுகுப் பக்கம் நடந்தது இதுதான். சித்தி சும்மா வராமல் ஸ்பீக்கர் அடியில் எட்டிப் பார்த்திருக்கிறார். பளபளவென்று ஒரு சம்படம். அதில் பிள்ளை பேர் வேறு. "ஏட்டி செல்வி, சீர்ச் சாமானை யாராவது கால்மாட்டுல வைப்பாவளா?" என்று அதை எடுத்து, வெற்றிலை பாக்கு வைத்துத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டார். வயரு இருக்கே என்று செல்வி கத்தியது பாட்டில் கேட்கவில்லை. அது சீரியல் பல்பு அலங்காரம் என்று சித்தியே முடிவு பண்ணிவிட்டார். இராஜபாளையத்து நாயைச் சங்கிலியில் பிடித்துப் போவதுபோல ஸ்பீக்கரும் சித்தியும் ஒரே வயரில் நடந்து வந்தார்கள்.

வாசலில் அக்காவின் மாமியார் நின்றார். நான் அத்தை என்று கூப்பிடுவது அவரைத்தான். மற்றத் தாம்பாளங்களை எல்லாம் ஒரு கையால் வாங்கி உள்ளே அனுப்பினார். சித்தியின் தாம்பாளம் வந்ததும் கை சட்டென்று தாழ்ந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேரை வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! எம்புட்டு கனம்! பாத்தீயளா, எங்க மருமவ பொறந்த வீட்டுக்காரவிய கனமாத்தான் செஞ்சிருக்காவ!"

தெருவே கேட்டது. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் ஒரு விநாடி பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அவர் கையில் இருப்பது என்ன என்று பார்த்தேன்.

அத்தை சந்தோஷத்தில் சம்படத்துக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர்ச் செம்பை எடுத்தார்.

"அத்தை, பன்னீர் வேண்டாம்!" என்று அலறினேன்.

"இதுல என்ன தம்பி கூச்சம்? தாராளமாத் தெளிக்கணும்" என்று மூடி மேல் செம்பைக் கவிழ்த்தே விட்டார்.

பாட்டு ஒரு எருமை கத்துவதுபோல இழுத்து நின்றது. மூடியின் ஓட்டைகள் வழியாக இட்லித் துணி கருகும் வாசனையோடு புகை வந்தது.

"கீழே போடுங்க அத்தை!"

"பேரு வெட்டுன பாத்திரத்தைக் கீழ போடவா?" என்று அவர் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் போனார். நல்லவேளை, செல்வி பாய்ந்து வந்து தாம்பாளத்தோடு பிடுங்கி, பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் சம்படத்தை எறிந்து, மேலே மணலை அள்ளிப் போட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் மானத்தைத் தவிர.

அத்தை மூக்கில் ஒரு கரிப் பொட்டோடு மணல் குவியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி இருந்துச்சு அதுல?"

"பேட்டரி, அத்தை."

"பேட்டரியா? நான் வெள்ளியாக்கும்னுல்லா நெனச்சேன்!"

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் தோளில் சாய்ந்து சிரித்தார். அக்கா முதலில் பயந்தாள். பிறகு அவளும் அடக்க முடியாமல் மாமியாரைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவர்கள் இருவரும் அப்படி நின்று அதுவரை யாரும் பார்த்ததில்லை. பாட்டு இல்லாத குறைக்குப் பெண்கள் குலவை போட்டார்கள். ஸ்பீக்கரை விட அது நன்றாகவே கேட்டது.

கவின் அழவே இல்லை. என் மடியில் உட்கார்ந்து மணலைக் காட்டி, "பொக, பொக" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆசாரி இரண்டு காதையும் குத்திவிட்டார். அழுதது நான்தான், சிரித்துச் சிரித்து.

கவின் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சம்படம் ஒரு பக்கம் கருத்து, அக்கா வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது. அதில் அத்தை பூண்டு போட்டு வைத்திருக்கிறார். "பூண்டுக்குக் காத்து வேணும்லா, தம்பி ஓட்ட போட்டே குடுத்துருக்காவ" என்று வருகிறவர்களிடம் எல்லாம் எடுத்துக் காட்டுகிறார்.

'லேசாத்தான் இருக்கு' என்ற சொல் அதற்குப் பிறகு அந்த வீட்டில் கேட்டதில்லை. போன மாதம் ஒரு கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கி, பாரம் தாங்காதவர்போல் முழங்காலை மடக்கி, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏட்டி, உன் தம்பி சீரோட வந்துருக்காவ. மொதல்ல ரெண்டு சட்டி மணலக் கொண்டா!"