ஊக்கப் படமும் கடைசி வாங்கு ஆளும்

ரீவிப் படத்தில் ஒற்றைக்கால் ஓட்டக்காரன் இரண்டாம் சுற்றில் தடுக்கி விழுந்த இடத்தில், கடைசி வாங்குப் பலகையில் இருந்த ஆள் கொப்பியில் எதையோ எழுதினார்.

அழகரத்தினம் அதைக் கண்டுவிட்டான். அதன்பிறகு ஓட்டக்காரன் எழும்பி, ஓடி, முதலாவதாக வந்து, தாயைக் கட்டிப்பிடித்து அழுததெல்லாம் அவனுக்குத் தெரியாது. அந்த ஆளுக்கு ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நீலச் சாரன், மடியில் ஒரு குடை. படம் பார்க்க வந்தவர் ரீவியின் பக்கமே திரும்பவில்லை. கண் வேறெங்கோ இருந்தது.

ஆரையம்பதியில், வாவிக் கரையோரத் தென்னங்கிடுகுக் கொட்டிலில், வினாயகமூர்த்தி மாஸ்டர் பின்னேர வகுப்பு நடத்தி வந்தார். சண்டைக் காலம். ராணுவத்தார் எப்போது ஊரைச் சுற்றி வளைப்பார்கள், யாரைக் கொண்டுபோவார்கள் என்று தெரியாததால் பிள்ளைகள் ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வருவதில்லை. டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை. மண்டூரிலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்து இரண்டு மாதமேயான அழகரத்தினம்தான் அந்த யோசனையைச் சொன்னான். சனிக்கிழமை மூன்று மணிக்கு, மாணவருக்கு ஊக்கம் தரும் படம் ஒன்று போடுவது. வாடகைக்குப் படம் போடும் காத்தான்குடி ஹமீட் ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். முதல் சனி முப்பத்திநாலு பேர் வந்தார்கள். இன்று இரண்டாவது சனி. இருபத்தாறு.

படம் முடிந்ததும் அழகரத்தினம் முன்னால் வந்து நின்றான். "இந்தப் படத்தில என்ன படிச்சீங்க?"

முன்வாங்கில் இருந்த தவமலர் எழும்பினாள். "விழுந்தாலும் எழும்பி ஓடணும் சேர்."

"கெட்டிக்காரி."

"ஆனா சேர், நம்மட றோட்டில ஓடினா ஆமி சுடுவான். நடந்தே வெல்லுற படம் ஒண்டு இல்லியா?"

கொட்டில் சிரித்தது. கடைசி வாங்கு மட்டும் சிரிக்கவில்லை. குடை எழுந்து வெளியே போனது.

"தவமலர், அந்தக் குடைக்காரர் ஆர்?"

அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். "ஆரு சேர்? நாங்க படத்தத்தானே பாத்தம்."

அழகரத்தினம் நாட்குறிப்பு எழுதுகிறவன். எதையும் இலக்கமிட்டு எழுதினால்தான் அவனுக்கு யோசனை ஓடும். ஒன்று, யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன். இரண்டு, படப் பைத்தியம். மூன்று, ஆமிக்குத் தகவல் கொடுப்பவர். ஒற்றைக்காலன் விழுந்ததற்கு உச்சுக்கொட்டாதவர் படப் பைத்தியமாக இருக்க முடியாது என்று இரண்டாவதை வெட்டினான். மூன்றாவதின் கீழ் கோடு போட்டான். பிறகு, 'நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனோ?' என்று எழுதினான். அதன் கீழும் கோடு போட்டான்.

மாஸ்டரிடம் சொல்லப் பயமாக இருந்தது. சனிக்கிழமைகளில் அவர் வவுணதீவு வயலுக்குப் போய்விடுவார், அந்த ஆளைக் கண்டதில்லை. சொன்னால் அன்றைக்கே வகுப்பைப் பூட்டுவார்.

ஆகவே மூன்றாவது சனி, அழகரத்தினம் வாசலில் மேசை போட்டுப் பதிவு வைத்தான். பெயர், தகப்பன் பெயர், விலாசம், வீட்டில் எத்தனை பேர், அண்ணன் தம்பி உண்டா, வயது என்ன. அந்நியர் யாரும் நுழைய முடியாத ஏற்பாடு. பிள்ளைகள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்கள். சிலர் வரிசையில் நின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பவில்லை.

கடைசியாகக் குடை வந்தது.

"பேரைச் சொல்லுங்க."

"எதுக்கு தம்பி?"

"பதிவுக்கு."

"இந்தப் பதிவு ஆருக்குப் போகும்?"

"ஒருத்தருக்கும் போகாது. என்னட்டத்தான் இருக்கும்."

"ஓ," என்றார் அவர். தன் கொப்பியைத் திறந்து அதை எழுதிக்கொண்டு உள்ளே போய் இருந்தார்.

அன்று பதினேழு பேர்.

வராத பிள்ளைகளை வீட்டில் போய்ப் பார்ப்பது அடுத்த திட்டம். திங்கள் தொடங்கி வியாழன்வரை, பின்னேரங்களில், கொப்பியும் கையுமாகப் பதினேழு படலைகளைத் தட்டினான். பதினேழு பிள்ளைகளுக்கும் கன்னம் வீங்கிக் கூகைக்கட்டு என்றார்கள். ஒரு கூகைக்கட்டு மாமரத்தின் மேல் இருந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தது.

தவமலரின் தாய் சீதேவிப்பிள்ளையின் வீட்டுக்கும் போனான். தவமலர் மூன்று படத்துக்கும் வந்தவள்தான். ஆனாலும் மற்றப் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கலாம். சீதேவிப்பிள்ளை தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கதவோடு நின்றார்.

"மூத்த மகன் எங்க அம்மா?"

"எந்த மகன்?"

"பதிவில போட்டிருக்கே. பத்தொன்பது வயசு."

"அவன் இஞ்ச இல்ல சேர்."

"எப்ப வருவார்?"

"தேத்தண்ணி ஆறுது. குடிங்க."

சீனி போடாத தேத்தண்ணி. மறந்திருப்பார் என்று நினைத்துக் குடித்தான். படலைக்கு வெளியே வந்தபோது ஒழுங்கை மூலையில் குடை நின்றது.

அழகரத்தினம் கணக்குப் போட்டுப் பார்த்தான். நேற்றும் அது ஒரு வேலியோரம் நின்றதே! முந்தாநாளும்! பிள்ளைகளின் வீடு தெரியாமல் இருந்த ஆளுக்கு, வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய் இவனே வழி காட்டியிருக்கிறான். பதினெட்டு வீடுகள். அன்று நாட்குறிப்பில் இலக்கமிட முடியவில்லை.

நான்காவது சனி ஒன்பது பேர்.

ஞாயிறு காலை வினாயகமூர்த்தி மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, நீர் கணக்கு மாஸ்டர்தானே? முப்பத்திநாலு, இருபத்தாறு, பதினேழு, ஒன்பது. அடுத்தது என்ன?"

அழகரத்தினம் யோசித்தான். எட்டுக் குறைந்து, ஒன்பது குறைந்து, எட்டுக் குறைந்து... "சைபர், மாஸ்டர்."

"சரியான விடை. அந்தச் சைபர் வாற அண்டைக்குக் கொட்டிலப் பூட்டுறன். டெக்கும் வேணாம், நீரும் மண்டூருக்குப் போகலாம். ஆனா சோதினைக்கு அஞ்சு கிழமைதான் கிடக்கு. இந்தப் பிள்ளையள ஆரு பாக்கிறது?"

அழகரத்தினத்துக்கு ஒன்றுதான் தோன்றியது: குடைக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். அது உறுதி.

ஐந்தாவது சனி, வெயில் உள்ளே அடித்துப் படம் தெளிவில்லை என்று ஹமீட் குறைபட்டார். சன்னலுக்குச் சாக்கு அடிக்கச் சொன்னார். அழகரத்தினத்துக்கு அப்போதுதான் வழி பிறந்தது. உள்ளே நின்றால் அந்த ஆள் உசாராகிவிடுகிறார். வெளியே நின்று பார்த்தால்? அடிமட்டத்தால் அளந்து, கண்ணுக்குக் கண் இரண்டரை அங்குலம் விட்டு, சாக்கில் இரண்டு வட்டம் வெட்டினான்.

"இது என்னத்துக்குத் தம்பி?" என்றார் ஹமீட்.

"காத்து வர."

"காத்து ஒரு ஓட்டையால வராதா?"

அழகரத்தினம் சாக்கை ஆணியடித்துவிட்டுப் படத்தைப் போடச் சொன்னான். பார்வையில்லாத பெண் படித்து நீதிபதியாகும் படம். அதே ஒன்பது பேர் முன்னால் இருந்தார்கள். கடைசி வாங்கில் குடை. அவன் மெல்ல வெளியே போய், கொட்டிலைச் சுற்றி வந்து, சாக்கோடு முகத்தை வைத்துக்கொண்டான்.

எல்லாம் நன்றாகத் தெரிந்தது. குடைக்காரர் எழுந்து நின்று அங்குமிங்கும் பார்த்தார். யாரையோ தேடுகிறார்! கொப்பியைத் திறந்தார். அழகரத்தினம் மூச்சை அடக்கினான்.

ஆரையம்பதியைச் சுற்றி வளைத்தால், ஆமி ஆட்களை வரிசையாக நிறுத்துவான். எதிரே ஒருவனை இருத்தி வைத்திருப்பான். தலையிலிருந்து சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. அந்தச் சாக்குத் தலை யாருக்கு ஆடுகிறதோ, அவன் வீடு திரும்புவதில்லை. ஊரில் இது தெரியாத பிள்ளை இல்லை. மண்டூரிலும் இல்லை. ஆனால் சாக்குக்குப் பின்னால் நின்றவனுக்கு முன்பக்கம் எப்படி இருக்கும் என்ற நினைவே வரவில்லை.

தவமலர் தற்செயலாகச் சன்னல் பக்கம் திரும்பினாள். சாக்குக்குள் இரண்டு கண்கள் இருந்தன.

அந்த நேரம் பார்த்து ரீங்கரித்து வந்த ஒரு வாவி நுளம்பு அழகரத்தினத்தின் மூக்கில் குந்தியது. அவன் தலையை ஆட்டினான்.

"ஐயோ! தலையாட்டி!"

ஓடினால் சுடுவான் என்று சொன்னவள்தான் முதலாவதாக ஓடினாள். "ஓடுங்க பிள்ளையள், பின்பக்கத்தால ஓடுங்க!" என்று குடைக்காரர் கத்தினார். வாசல் போதாமல் கிடுகுச் சுவரில் இரண்டு புது வாசல் பிறந்தது. ஹமீட் டெக்கை மட்டும் கழற்றி அணைத்துக்கொண்டு வாவிக்குள் முழங்கால் தண்ணியில் நின்றார். ரீவியில் நீதிபதிப் பெண் வெறும் வாங்குகளுக்குத் தீர்ப்பு வாசித்தாள்.

அழகரத்தினம் பாய்ந்து வந்து குடையின் ஒரு நுனியைப் பிடித்தான். மறுநுனியை அவர் விடவில்லை.

"பிடிபட்டீர்! சொல்லும், ஆர் அனுப்பினது உம்ம?"

"நீ சொல்லு தம்பி, உன்ன ஆர் அனுப்பினது?"

"பிள்ளையளக் கலைச்சது நீர்தானே? என்ர கண்ணால பாத்தன்!"

"ஓம், நானும் உன்ர கண்ணத்தான் பாத்தன்!"

சத்தம் கேட்டு ஒழுங்கையிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி கையில் உலக்கை, ஒருத்தி கையில் அகப்பை. முன்னால் சீதேவிப்பிள்ளை.

"நல்ல நேரம் வந்தீங்க அம்மா!" அழகரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. "நாலு கிழமையா இந்த ஆள் ஒளிச்சிருந்து எழுதுறார். உங்கட வீட்டு வாசல்லயும் நிண்டவர். இவரப் பிடிச்சிட்டன். இனிப் பிள்ளையள் பயமில்லாம வரலாம்!"

சீதேவிப்பிள்ளை குடையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"கோணாமலை மாமாவ விடுங்க சேர். மண்டூரால வந்த ஆள் சும்மா படம் காட்டுவாரா எண்டு முதல் கிழமையே எங்களுக்குச் சந்தேகம். பிள்ளையளுக்குப் படம் காட்டிக் காட்டிப் பேரும் ஊட்டு விலாசமும் எழுதி எடுக்கிறவர் அத ஆருக்குக் குடுக்கிறார் எண்டு பாக்கச் சொல்லி, நாங்க தாய்மாரெல்லாம் சேந்து உங்களுக்கு வச்ச காவல் அது."