சார்ஜ் ஏறாத லேப்டாப்பும் உங்கள் வீட்டெதிரில் நான் நின்றதும்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால்.

மதிப்பிற்குரிய சம்பந்தி நெடுஞ்செழியன் அவர்களுக்கு,

திண்டிவனத்திலிருந்து வெங்கடாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. விழுப்புரத்தில் தாங்களும் சம்பந்தியம்மா பாஞ்சாலி அவர்களும் மாப்பிள்ளை அறிவுச்செல்வனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனைவி அம்மணி சுகம், உங்கள் மருமகள் கலைப்பிரியா சுகம், நானும் சுகம். நான் சுகம் என்பதைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்கவும். எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நான் சேரவும் இல்லை. புதன்கிழமை மதியம் தாங்கள் அங்கே வார்டு வார்டாக என்னைத் தேடி அலைந்ததையும், கடைசியில் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த வேறொரு வெங்கடாசலத்திடம் ஆறு சாத்துக்குடியும் ஒரு சத்துமாவு டப்பாவும் கொடுத்துவிட்டு வந்ததையும் மாப்பிள்ளை நேற்று போனில் சொன்னார். இப்போது பரவாயில்லை என்று அவரிடம் சொல்லிவைத்தேன். அது என்னுடைய இரண்டாவது பொய். முதல் பொய்யை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் காலத்தில் போனில் பேசுவதை எல்லாம் பதிவு செய்துகொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நீங்கள் செய்வீர்கள் என்று சொல்லவில்லை. தவிர, இந்த நிமிஷம் அடுத்த அறையில் கலைப்பிரியா கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சை எழுதுகிறாள். வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டாலும் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் பரீட்சையை நிறுத்திவிடுவானாம். அந்த ஆள் யார், எந்த ஊர் என்று கேட்டேன், தெரியாது என்கிறாள். முகம் தெரியாத ஆளை வீட்டுக்குள் விட்டிருக்கிறோம். மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் விசில் அடிக்கக் கூடாது, நான் இருமக் கூடாது. ஆகவே பேனாவை எடுத்தேன்.

பரீட்சை விவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நோயாளிக்கு என்ன வியாதி, என்ன வைத்தியம் என்று டாக்டர் எழுதுவதை எண்களாக மாற்றுகிற வேலை. மெடிக்கல் கோடிங் என்கிறார்கள். போன தடவை நாலு மார்க்கில் தவறிப்போனாள். இந்தத் தடவையும் தவறினால் சென்னைக் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் தெருமுனை மண்டபத்தில் இந்த வாரம் மூன்று கல்யாணம், மூன்றுக்கும் மைக் செட் என்பதால், அமைதியாகப் படிக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அவளைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் பதினான்கு சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் சார்ஜரை எடுத்து மாட்டினாள். விளக்கு எரியவில்லை.

அந்தச் சார்ஜரின் முனையை நீங்கள் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? டைப் சி என்று பெயர். இப்படியும் போகும், திருப்பிப் போட்டால் அப்படியும் போகும். எந்தப் பக்கம் போட்டாலும் சரி என்று சொல்கிற சாமானை நான் முதலிலேயே நம்பவில்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம், பேரேட்டில் வேர்க்கடலை என்று எழுதி, மல்லாட்டை எடை போட்டவன் நான். ஈரம் ஏற்றிய மூட்டை எது, அடியில் கல் போட்ட மூட்டை எது என்று கையை விட்டாலே சொல்லிவிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றேனே தவிர, சந்தேகப்படுவதிலிருந்து ஓய்வு பெறவில்லை என்று அம்மணி அடிக்கடி சொல்லுவாள்.

முதலில் கரண்டின் மேல்தான் சந்தேகம் வந்தது. எலக்ட்ரீஷியன் கண்ணையனைக் கூப்பிட்டேன். அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்து, கரண்ட் இருக்கிறது என்றார். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். தேவையான அளவு இருக்கிறது என்றார். இந்த மாதிரி பதில் சொன்னவர்களை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால், அதே பிளக்கில் மிக்ஸி, டேபிள் ஃபேன், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் மாட்டச் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் ஓடின. அதற்குள் கலைப்பிரியா மாப்பிள்ளைக்குப் போன் போட, அவர் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நானே எண்ணினேன். இருந்த உயிரும் போய்த் திரை கறுத்துவிட்டது. மறுபடி போட்டபோது பதினொரு சதவீதம் காட்டியது. யோசனை சொன்னதும் மூன்று சதவீதம் குறைந்ததை நான் மனசில் குறித்துக்கொண்டேன்.

பிறகு கண்ணையன் தன் செல்போன் சார்ஜரை எடுத்துச் சொருகி, விரலால் அழுத்திப் பிடித்தார். ஒரே ஒரு நொடி விளக்கு எரிந்து அணைந்தது. துளையில் ஏதோ கோளாறு, முனை முழுசாக உள்ளே போகவில்லை என்றார். நான் அப்படிப் பார்க்கவில்லை. யாரோ ஒருவருடைய போன் சார்ஜருக்கு எரிகிற விளக்கு, அதனுடன் பிறந்த சார்ஜருக்கு எரியவில்லை என்றால், அது கூடப் பிறந்ததே இல்லை என்றுதானே அர்த்தம்? லேப்டாப் சாம்பல் நிறம், சார்ஜர் கறுப்பு. முனை வேறு அரை மல்லாட்டை அளவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. யாரோ சார்ஜரை மாற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பையைக் கட்டியது சம்பந்தியம்மா. நிச்சயதார்த்தத்தன்று, பெண் வேலைக்குப் போய்த்தான் ஆகணும்னு ஒண்ணும் இல்ல என்று சொன்னதும் அவர்கள்தான். அந்த வார்த்தையை நான் இரண்டு வருஷமாக மனசில் வைத்திருக்கிறேன். இன்று எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலமே இங்கே மேம்பாலத்துக்குக் கீழே ஒரு கடையில் லேப்டாப்பைக் காட்டினேன். கடைக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு போய்விட்டது, வைத்துவிட்டுப் போங்கள், பத்து நாள் ஆகும் என்றார். பார்க்காமலே வியாதி சொல்லுகிறவரிடம் என் பெண்ணின் பரீட்சையை எப்படி விட்டுவிட்டு வருவது? திரும்பி வந்து பார்த்தால் கலைப்பிரியா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பழைய நோட்டில் கையால் எழுதிப் படித்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. "விடுப்பா, எழுத முடியலன்னா வேற வேலை பாத்துக்கறேன்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே புதன்கிழமை காலை லேப்டாப்பையும் சார்ஜரையும் ஒரு துணிப்பையில் வைத்து, மேலே நாலு கத்தரிக்காயைப் போட்டு மறைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். உங்கள் தெருவில் இறங்கி, உங்கள் வீட்டெதிரில் இளநீர் விற்கிற அம்மாவின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். அங்கிருந்து பார்த்தால் உங்கள் ஜன்னல் வழியாக மாப்பிள்ளையின் மேசை தெரியும். அதில் லேப்டாப்பின் அசல் சார்ஜர் தொங்குகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். சும்மா நின்றால் சந்தேகப்படுவார்கள் என்று ஒரு இளநீர் குடித்தேன். ஜன்னல் திரை விலகவில்லை. இன்னொன்று குடித்தேன். மூன்றாவதுக்குக் கையை நீட்டியபோது, உங்களுக்குக் கல்லடைப்பா என்று அந்த அம்மா கேட்டார்கள். நான்காவது பாதியில் இருக்கும்போது சம்பந்தியம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்கள். நான் வண்டிக்குப் பின்னால் குனிந்தேன். குனிந்தது போதவில்லை.

"ஏன் அண்ணே வெயில்ல நின்னுக்கினு இருக்கீங்க, வூட்டுக்குள்ள வாங்க" என்றார்கள். அந்த நேரத்தில் நாலு இளநீரும் ஒன்றாகச் சேர்ந்து என்னை அவசரப்படுத்தின. உங்கள் வீட்டுக்குள் வந்தால் எல்லா அவசரமும் தீரும், ஆனால் பையில் என்ன என்று கேட்பார்களே. முண்டியம்பாக்கத்தில் ரத்தக்கொதிப்பு பார்த்துக்கொள்ள வந்தேன், நேரமாகிவிட்டது என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு, கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். முகமெல்லாம் வியர்வை. கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. ஒரு மனிதருக்கு நெஞ்சுவலி என்று நினைப்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அவர்கள் உங்களுக்குப் போன் செய்ய, நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட, கோட்டக்குப்பத்தில் இருக்கும் உங்கள் நண்பர் வரைக்கும் என்னை விசாரிக்க, எல்லாம் அந்த இளநீரால் வந்தது. வேறொரு வெங்கடாசலத்தின் தலையணைப் பக்கம் நீங்கள் பத்து நிமிஷம் கண் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதாகவும், போர்வையை விலக்கிய பிறகுதான் எனக்கு இல்லாத மீசை அவருக்கு இருப்பதைக் கவனித்ததாகவும் மாப்பிள்ளை சொன்னபோதுதான் அந்த இரண்டாவது பொய்யைச் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் கழிப்பறையைத் தேடிப் போய்வந்த பிறகு, அங்கேயே எதிர் வரிசையில் புனிதா என்று ஒரு பெண் நடத்துகிற லேப்டாப் கடையைப் பார்த்தேன். கத்தரிக்காயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பைக் கொடுத்தேன். சார்ஜர் மாற்றப்பட்டிருக்கிறது என்ற விஷயத்தையும் ரகசியமாகச் சொன்னேன். அவர் சார்ஜரின் அடியில் எழுதியிருந்ததைப் படித்து, இதே கம்பெனி சார்ஜர்தான், அறுபத்தைந்து வாட், சரியான ஜோடி என்றார். கண்ணையனுடைய போன் சார்ஜர் போதாது, அது லேப்டாப்புக்குக் கரண்டியில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி என்றார். பிறகு தன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தார். அதுவும் துருத்திக்கொண்டுதான் நின்றது. லேப்டாப்பை அணைத்துவிட்டு, துளைக்குள் டார்ச் அடித்தார். மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். கம்பியோ ஊசியோ விட்டால் உள்ளே இருக்கிற தகடு போய்விடும், இதற்கு அவசரமே கூடாது என்று சொல்லிக்கொண்டே சுரண்டினார். காய்ந்துபோன மஞ்சள் கட்டி ஒன்று தாளில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அவர் அதை மோந்து பார்த்தார்.

"சார், இது சந்தனம். பூசைக்கு வச்சீங்களா?"

எங்கள் வீட்டில் இயந்திரத்துக்குச் சந்தனம் வைக்கிற வழக்கம் இல்லை என்றேன். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காய விட்டு, எங்கள் சார்ஜரையே சொருகினார். கிளிக் என்று உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது. பதினொன்று பன்னிரண்டாக மாறுகிற வரைக்கும் நான் அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சம்பந்தி, இதற்கு மேல் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே பஸ்ஸை விட்டு இறங்கும்போது கலைப்பிரியாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. வைத்துவிட்டது சம்பந்தியம்மா. அதே கை, அதே கிண்ணம். ஆசீர்வாதமாக வைத்தார்களா, வேலைக்குப் போகக் கூடாது என்று அடைத்தார்களா என்பதை நான் தீர்மானிக்க விரும்பவில்லை. வீட்டில் யாரிடமும் சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. தூசி என்று மட்டும் சொன்னேன். குடும்பத்தில் பேச்சு வரக் கூடாது. பெரியவன் என்ற முறையில் நான் மன்னித்துவிட்டேன். ஆனால் மன்னித்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக எழுதினேன். சார்ஜரை மாற்றியதாக நினைத்ததற்கு மட்டும் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது மணி பன்னிரண்டே முக்கால். இரண்டு தடவை மீட்டர் பெட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், ஓடுகிறது. மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு மரியாதையான வணக்கம். தங்கள் கால்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த வலியிலிருந்து சீக்கிரம் ஆறட்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கரண்ட் தடையில்லாமல் வரட்டும்.

தங்கள் நலம் நாடும்,
வெங்கடாசலம்

பின்குறிப்பு: கலைப்பிரியா இரண்டு மணிக்கு வெளியே வந்தாள். தேறிவிட்டாள். திரையிலேயே போட்டுவிட்டார்களாம், போன தடவையை விடப் பதினெட்டு மார்க் அதிகம். நான் முகம் கழுவப் போன சமயத்தில், கவரில் ஒட்டப் பசை கொண்டுவந்த அம்மணி இந்தக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். "இத அனுப்பாதீங்க. சந்தனம் வச்சது நானு" என்றாள். திங்கட்கிழமை காலையில் வைத்தாளாம். மூடியில் வைத்தால் கறை படியும் என்று ஓரமாக, துளை இருக்கிற பக்கமாக, நன்றாகக் குழைத்து வைத்தாளாம். எதற்கு வைத்தாய் என்று கேட்டேன். சம்பந்தியம்மா அன்று காலையில் போன் செய்து, புள்ளைக்கு வச்சேன், பொட்டிக்கு வைக்க மறந்துட்டேன், இந்த வாட்டியாவது அது பாஸ் ஆவணும், என் பேரச் சொல்லி நீயே வச்சிடும்மா என்று கேட்டுக்கொண்டார்களாம். ஆக, யோசனை உங்கள் வீட்டுடையது, கை எங்கள் வீட்டுடையது. நான் மன்னித்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விசாரித்ததில் இன்னொன்றும் தெரியவந்தது. நான் தினமும் பேப்பர் வாங்கப் போகிற நேரமாகப் பார்த்து இவர்கள் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசுகிறார்களாம். எனக்கு ரத்தக்கொதிப்பு இல்லை என்பது சம்பந்தியம்மாவுக்குப் புதன்கிழமை சாயங்காலமே தெரியுமாம். நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்று உங்களிடம் சொல்லவில்லையாம். மாப்பிள்ளைக்கும் தெரியுமாம், கலைப்பிரியாவுக்கும் தெரியுமாம். சம்பந்தி, இந்தக் கடிதத்தை அனுப்பத்தான் போகிறேன், காரணம் இருக்கிறது. நம் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் ரொம்ப நாளாக ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் தனியாகப் புறப்பட்டு வாருங்கள். பேசலாம்.