நிமிஷம் சார் எழுதிய நோட்டு

காலை பதினொரு மணிக்குள் நிமிஷம் சார் நான்காவது தடவையாகக் கழிப்பறைக்குள் நுழைந்தார். அவசரப்படுத்திக் கூட்டிவந்த சிறுநீர், வந்த இடத்தில் அடம்பிடித்தது. ஐந்து நிமிடம் நின்றதற்கு நாலு சொட்டு.

அந்தத் தையல் நிறுவனத்தில் அவர் டைம் கீப்பர். யார் எப்போது இடத்தை விட்டு எழுந்தார், எப்போது திரும்பினார் என்று எழுதிவைப்பதுதான் வேலை. அரை நிமிஷத்தைக்கூட விடமாட்டார் என்பதால் வந்த பெயர் அது. வயது அறுபது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தார். இந்த நேரம் பார்த்து உடம்பு காலை வாரிவிட்டது.

கதவைத் திறந்தால் எதிரே முதலாளி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப நேரம் ஆச்சே?"

"முகம் கழுவினேன் சார்."

நிமிஷம் சாருக்குப் பகீரென்றது. தன்னைக் கணக்கெடுக்கிறார்கள்.

மறுநாள் தண்ணீரே குடிக்கவில்லை. எரிச்சலும் சேர்ந்துகொண்டு ஏழு தடவை எழுப்பியது. அவர் வெளியே வரும்போதெல்லாம் பக்கத்துப் பெண்கள் கழிப்பறையிலிருந்து சூப்பர்வைசர் அம்மாவும் வந்தார். ஐம்பத்தைந்து வயது, கண்டிப்பானவர். கவனித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த அம்மா தும்முவார், உடனே எழுந்து ஓடுவார். சற்று நேரத்தில் முதலாளி வந்து நிற்பார். ஆக, தான் எழுந்துபோவதை முதலாளிக்குச் சொல்லத் தும்மல்தான் சிக்னல்.

புதன்கிழமை கேட்டேவிட்டார்.

"என்னம்மா, நான் எழுந்தா நீங்களும் எழுந்துக்கிறீங்க?"

"நீங்க எழுந்ததையே நான் பார்க்கலை சார். தும்மினா இருமினா எனக்குக் கசிஞ்சிடுது, அதான் ஓடுறேன். வயசானா பல பேருக்கு வர்றதுதானாம், மருந்து இருக்காம். நாளைக்கு டாக்டரைப் பார்க்கப்போறேன். உங்களுக்கும் ஏதாவது தொந்தரவா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

போட்டு வாங்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அன்றே ஒரு சின்ன நோட்டு வாங்கினார். தன் கணக்கை அவர்கள் நீட்டினால், பதிலுக்கு நீட்ட ஒன்று வேண்டாமா? 'பத்து இருபது, தும்மல். பத்து இருபத்தொன்று, ஓட்டம்.' எழுதுவதற்காகவே தன் அவசரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடக்கியதெல்லாம் சேர்ந்து ஒரேயடியாகப் படுத்தியது.

வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டபோது நிமிஷம் சார் அவர் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அதுவே முதல் தடவை. திமிரெல்லாம் இல்லை, காலை எடுத்தால் நாற்காலி நனைந்துவிடும்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்," என்று முதலாளி இழுத்தார். "அந்தக் கழிப்பறை விஷயமா..."

போச்சு, வேலை போயே போச்சு. நிமிஷம் சார் நோட்டை மேஜைமேல் வைத்தார். அந்த அம்மாவை நினைத்து மனசு உறுத்தத்தான் செய்தது.

"நான் மட்டுமா சார்? யார் யார் எத்தனை தடவை போறாங்க, எவ்வளவு நேரம், எல்லாம் இதுல இருக்கு. யாரையும் விடலை."

முதலாளியின் முகம் வெளுத்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். நோட்டைத் தொடக்கூட இல்லை.

"ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷமே இருங்க," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க எப்ப வெளிய வருவீங்கன்னு தினமும் நான் அடக்க முடியாம வாசல்ல நின்னு தவிச்ச பக்கத்தை மட்டும் கிழிச்சுக் குடுத்துடுங்க."